கழுதைக்குட்டியின் இடது காது

ஒரு கெட்ட மனசாட்சி குடியிருக்க எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு கழுதைக்குட்டியின் இடது காது போதும். துள்ளி என்கிற அந்தக் கழுதைக்குட்டி தினமும் சாயங்காலம் தொலைக்காட்சியில் கார்ட்டூனாக வரும். தங்கமான குட்டி. பொய் சொல்லாது, அடுத்தவர் தோட்டத்தில் மேயாது, பெரியவர்கள் பேசும்போது நடுவில் கனைக்காது. இப்படிப்பட்ட உத்தமனை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குக் கதையை ஓட்டுவது? அதனால் படம் வரைந்த புண்ணியவான்கள் அதன் காதுக்குள் கடுகளவு ஜீவன் ஒன்றைக் குடிவைத்தார்கள். தமிழில் அதற்கு வைத்த பெயர் குடைச்சல்.

நல்ல பேச்செல்லாம் துள்ளிக்கு, கெட்ட பேச்செல்லாம் குடைச்சலுக்கு. "தோட்டக்காரன் தூங்கறான் பாருடா. நாலு கேரட் குறைஞ்சா பூமி சுத்தாம நின்னுடவா போகுது?" என்று உள்ளே இருந்து ஓதும். துள்ளி காதை ஆட்டும், யோசிக்கும், தலையை ஓர் உதறு உதறும், "தப்பு" என்று சொல்லிவிட்டு நேர்வழியில் போய்விடும். ஒரு கதையில் குடைச்சலுக்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் நாலு வாக்கியம். ஆனால் பிள்ளைகள் டி.வி. முன்னால் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பது அந்த நாலு வாக்கியத்துக்குத்தான். நல்லது சொல்வதற்குத்தான் வீடு நிறைய ஆள் இருக்கிறதே!

குடைச்சலுக்குக் குரல் கொடுக்கிறவளைப் பார்த்தால் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். நாற்பது தாண்டியவள். ஒல்லி. தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. டப்பிங் ஸ்டுடியோவில் அவளைச் சரிக்கா என்று கூப்பிடுவார்கள். எது சொன்னாலும் "சரி" என்பாள், அதோடு இளசுகள் ஓர் அக்காவை ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அசல் வாயில்லாப் பூச்சி. பஸ்ஸில் யாராவது காலை மிதித்துக்கொண்டு நின்றால், அந்த ஆள் இறங்கும் நிறுத்தம் வரும்வரை பொறுத்திருப்பாள். ஒரு தடவை தையல்காரர் வேறு யாருடைய அளவுக்கோ சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டார். சரி என்று வாங்கி வந்து, சட்டைக்குத் தகுந்தபடி இளைக்கப் பார்த்தாள் மகராசி.

ஆனால் மைக் இருக்கிற அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கனமான கதவைச் சாத்திவிட்டால் வேறு ஆள். சுவரெல்லாம் பஞ்சு, நடுவில் ஒரு மைக், எதிரே திரை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் பட்டனும். பட்டன் என்பது ஒலிப்பதிவு செய்கிற குள்ளமான பெண். நாள் முழுக்கப் பொத்தான்களை அமுக்குவதால் அந்தப் பெயர். சரிக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமுவாள். அப்புறம் அந்தக் கீச்சுக்குரல் கிளம்பும் பாருங்கள், பட்டன் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிப்பாள்.

இதில் ஒரு தொழில் சங்கதி இருக்கிறது. படம் வேற்று மொழிக்காரர்கள் வரைந்தது. துள்ளி வாயைத் திறந்தால் தமிழும் திறக்க வேண்டும், மூடினால் தமிழும் மூட வேண்டும். வசனம் எழுதுகிறவர் ஒவ்வொரு வாயசைப்புக்கும் வார்த்தை தேடித் தலையைப் பிய்த்துக்கொள்வார். துள்ளிக்குப் பேசுகிற மீசைக்காரர், தொப்பையும் மீசையுமாகப் பிஞ்சுக் குரலில் அதைப் பேசி முடிப்பதற்குள் நாலு டம்ளர் தண்ணீர் குடிப்பார். ஆனால் குடைச்சலுக்கு அந்தக் கவலை இல்லை. அது காதுக்குள் அல்லவா இருக்கிறது! வாயே தெரியாது. காது ஆட ஆரம்பிக்கும்போது பேச்சைத் தொடங்கி, ஆட்டம் நிற்கும்போது முடித்தால் போதும். நடுவில் என்ன பேசினாலும் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து வசனக்காரர் அந்த இடத்தில் எழுதுவதையே விட்டுவிட்டார். 'குடைச்சல்: ஏதாவது கெட்டதாகச் சொல்லும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அந்தக் கெட்டதையெல்லாம் சரிக்காதான் சொன்னாள், சொந்தமாக. "மிதிக்கறவன் காலை நீயும் மிதி, அப்புறம் ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கலாம்." "வரிசையில நிக்கறவங்க எல்லாம் முட்டாளாடா? முன்னாடி போய் மயக்கம் போட்டு விழு, நேரா உள்ள தூக்கிட்டுப் போயிடுவாங்க." எங்கே இருந்து வந்ததோ, அவளுக்கே தெரியாது. பேசி முடித்து வெளியே வரும்போது உடம்பு காற்றாக இருக்கும். வாழ்க்கையில் அவளுக்கு இருந்த பெரிய சந்தோஷம் அதுதான், அதை ஒளிப்பானேன்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஒரு நாள் வேட்டு வைத்தார் டைரக்டர். டீயை ஆற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"படம் வரையற ஊர்ல அப்பா அம்மாங்க எல்லாம் சண்டைக்குப் போயிருக்காங்களாம்மா. பிள்ளைங்க கெட்டுப் போறாங்களாம். அதனால இந்தப் பாகத்தோட கடைசிக் கதையில துள்ளி பெரியவனாயிடறான், குடைச்சல் காதை விட்டு ஒரேயடியாப் போயிடுது. அடுத்த பாகத்துல அது கிடையாது."

"சரி," என்றாள்.

"உனக்கு வேற வேடம் ஏதாவது பாக்கலாம்னா, உன்னோட சொந்தக் குரல்..." டைரக்டர் இழுத்தார்.

"சரி சார்," என்றாள். அவளுடைய சொந்தக் குரல் பக்கத்து நாற்காலிக்கே எட்டாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

செய்தி அண்ணன் காதுக்குப் போயிற்று. அண்ணன் கெட்டவன் இல்லை. கஷ்டமே அதுதான். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம். போனில் வாயெல்லாம் பல்லாகப் பேசினான்.

"வேலை போனாப் போகட்டும் கழுதை! நீ ஏன் தனியா வாடகை குடுத்துக்கிட்டுக் கிடக்கணும்? நம்ம வீட்டுக்கு வந்துடு. ஸ்டோர் ரூம்ல இருந்த பழைய டயரை எல்லாம் எடுத்துட்டேன். பசங்களுக்கும் அத்தை கூட இருக்கும், அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"சரிண்ணா," என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் யோசித்தாள்.

அந்த ஸ்டோர் ரூமை அவளுக்குத் தெரியும். ஜன்னல் கிடையாது, மேலே கையகலத்துக்கு ஒரு ஓட்டை. அண்ணி ஒத்தாசை என்று சொல்வது எது எது என்பதும் தெரியும். விடிந்தால் பாத்திரம், மூன்று பிள்ளைகளின் துணி, ஹோம்வொர்க், அண்ணியின் முதுகுவலிக்குத் தைலம். சம்பளம் கேட்க முடியாத வேலை, லீவு போடவும் முடியாத வேலை. இப்போது இருக்கிற வீடு ஒரே ஓர் அறைதான். இருக்கட்டுமே! ஜன்னலைத் திறந்தால் பஸ் பணிமனை தெரியும். கட்டிலில் சாய்ந்தபடியே சாப்பிடலாம், காலை ஆட்டலாம், ஒருத்தரும் ஏன் என்று கேட்க முடியாது. அந்த அறையில் அவள் ராணி. அந்த ராஜ்ஜியத்தைத்தான் ஒரு "சரி"யில் தூக்கிக் கொடுத்துவிட்டாள், மண்டு.

கடைசிப் பதிவு சனிக்கிழமை. அண்ணன் வேலையில் சூரன். எள் என்றால் எண்ணெயாக நிற்பான். அன்று காலையிலேயே தெரிந்தவர் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, அவள் வீட்டைக் காலி செய்து சாமான்களை ஏற்றிவிட்டான். மத்தியானம் அந்த வேன் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றது. பதிவு முடிந்ததும் அவளையும் ஏற்றிக்கொண்டு அப்படியே போய்விடுவதாக ஏற்பாடு.

மாடியில் சேனல் மேடம் வந்து உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சிக்காகப் படத்தை வாங்குகிறவர் அவர்தான். சிரித்தால் வரி போடுவார்கள் என்பது போல் முகத்தை வைத்திருப்பார். கடைசிக் கதை ஜனங்களை அழவைக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. அதனால் வசனக்காரர் இந்தத் தடவை டீ குடிக்கப் போகாமல் குடைச்சலுக்கு முழுசாக எழுதியிருந்தார். 'துள்ளி, நான் போகிறேன். இனிமேல் நல்ல பிள்ளையாக இருப்பாயா?' துள்ளி தலையாட்டும். 'அழாதே.' துள்ளியின் கண்ணில் நீர் வழியும். 'எனக்கு விடை கொடு.' துள்ளி மலையைப் பார்த்து முன்னங்காலை ஆட்டும். மீசைக்காரர் தன் பங்குக்கு ஒரு "ம்"மும் இரண்டு விசும்பலும் காலையிலேயே பேசிக் கொடுத்துவிட்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்.

சரிக்கா ஹெட்ஃபோனை மாட்டினாள். காது ஆடியது. "துள்ளி, நான் போறேன்..." என்று தொடங்கினாள். வந்தது குடைச்சலின் குரல் இல்லை. அவளுடைய சொந்தக் குரல், ஈனஸ்வரத்தில்.

"குடைச்சல் எங்கம்மா? நீ வந்து பேசிட்டிருக்கே!" என்றார் டைரக்டர்.

மறுபடி பேசினாள். மறுபடியும் அதே. இன்னொரு தடவை பேசப் போய் 'விடை கொடு'வோடு நின்றுவிட்டாள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தண்ணி குடிச்சுட்டு வாம்மா," என்றார் டைரக்டர்.

நடைவழியில் ஜன்னல் ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தாள். கீழே வேனின் முதுகில் அவளுடைய கட்டில் நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கிடந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி வெட்டவெளியில் மேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டான்.

"முடிஞ்சுதா? சீக்கிரம் வா! போற வழியில பசங்களை நீச்சல் கிளாஸ்ல இருந்து கூட்டிக்கணும். அவங்க முன்னாடி உக்காரட்டும், நீ பின்னாடி ஏறிக்கோ, பீரோவைப் பிடிச்சுக்கிட்டு வா. ஆடுது!"

"சரிண்ணா," என்று அவள் வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை. தண்ணீரைக் குடிக்காமலே திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

பட்டன் பொத்தானை அமுக்கினாள். திரையில் மலை, மாலை வெளிச்சம், துள்ளி. காது ஆடியது. சரிக்கா வசனத்தாளைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

"டேய் துள்ளி!" கிளம்பிவிட்டது கீச்சுக்குரல். "எல்லாரும் உன்னையே பாக்கறாங்க, மூஞ்சியை ஆட்டாம கேளு. நான் போறேன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஆனா போகப் போறதில்லை. யாராவது கேட்டா போயிட்டான்னு சொல்லு. என்ன, புரிஞ்சுதா?"

துள்ளி "ம்" என்று தலையாட்டியது.

"சமத்து! இப்ப அழு. அழுதாத்தான் நம்புவாங்க."

துள்ளியின் கண்ணில் குபுக்கென்று நீர் வந்தது. மீசைக்காரரின் விசும்பல் இரண்டு.

"அடேயப்பா, போதும்டா, ரொம்ப நடிக்காதே! அந்த மலையைப் பாத்துக் கால் ஆட்டு. நான் அங்கதான் போறேன்னு நெனைச்சுக்கட்டும். ஆங், அப்படித்தான். அய்யோ கூசுது, காதை ஆட்டாதேடா தடியா!"

துள்ளி மலையைப் பார்த்துக் காலை ஆட்டியது. காது ஒரு தடவை துடித்து நின்றது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஊரையே அழவைக்க வரைந்த படம், அப்படியே பித்தலாட்டமாகப் பொருந்திவிட்டது.

பட்டன் நாற்காலியிலிருந்து கீழே விழுந்தாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடி, தொப்பென்று விழுந்தாள். டைரக்டர் சிரிக்க வாயைத் திறந்து, மேடத்தின் ஞாபகம் வந்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இது வசனத்துல இல்லையே," என்றார் மேடம்.

"இல்லை மேடம், அந்தம்மாவுக்கு மனசு சரியில்லை, இன்னொரு தடவை எடுத்துடலாம்..."

தரையில் கிடந்தபடியே பட்டன் கையைத் தூக்கினாள். "மேடம், ஒண்ணே ஒண்ணு. புதுப் பாகத்தோட முதல் கதை வந்திருக்கு. அதுலயும் காது ஆடுது."

"ஏன் ஆடணும்? அதான் உள்ளே யாரும் இல்லையே?"

"கழுதை இல்லையா மேடம்! ஈ ஓட்டுது."

போட்டுக் காட்டினாள். வாஸ்தவம். படம் வரைந்தவர்கள் குடைச்சலைத் துரத்திவிட்டார்களே தவிர, காது ஆட்டுகிற பழக்கத்தை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். திரையில் துள்ளி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. இடது காது சட்டென்று ஆடியது. கண்ணாடிக்கு உள்ளே இருந்து குரல் பாய்ந்தது: "நல்ல பிள்ளையாயிட்டியாமே! பேப்பர்ல போட்டிருந்தான். சரி, அந்த மணியை இப்பவே அடிச்சுட்டு ஓடு, எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்." துள்ளி மணியைப் பார்த்தது, தலையை உதறியது, வகுப்புக்குள் போனது. மறுபடி காது ஆடியது. "சரி, உள்ளயே போ. வாத்தியார் நாற்காலி காலியா இருக்கு பார்..." சரிக்காவுக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை. காது ஆடிய இடமெல்லாம் பேசினாள். துரத்தப்பட்ட ஜீவன் இங்கே தமிழில் மட்டும் கூத்தடித்துக்கொண்டிருந்தது. டைரக்டருக்கு இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது.

மேடம் முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. எழுந்தார், கைப்பையை எடுத்தார். "நான் யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கழிவறைப் பக்கம் போய்விட்டார்.

"போச்சு," என்றார் டைரக்டர். "உனக்குத்தான் வேலை போகுதுன்னு நெனைச்சேன். எனக்கும் சேர்த்து வேட்டு வச்சுட்டியேம்மா."

சரிக்காவுக்கு என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

கீழே அண்ணன் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "ஏறு ஏறு, நேரமாச்சு."

அவள் ஏறவில்லை. குடைச்சல் வந்து பேசும் என்று நின்றாள். அது வரவில்லை. மைக் இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? வண்டியில் பீரோ அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, நான் வரலை." அவளுடைய சொந்தக் குரல்தான். மெலிந்த குரல்.

"என்ன?"

"உன் வீட்டுக்கு நான் வரலை."

"ஏன்? யாரு என்ன சொன்னா? அண்ணி ஏதாவது..."

"அய்யோ, யாரும் ஒண்ணும் சொல்லலை. எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்."

அண்ணன் கயிற்றைக் கீழே போட்டான். "அப்ப பசங்களை யாரு பாத்துக்கறது?"

"பெத்தவங்கதாண்ணா."

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேலை வெட்டி இல்லாம எதைத் திம்பே? காலையிலேர்ந்து நாய் மாதிரி மூட்டை தூக்கியிருக்கேன். இப்ப வந்து சொல்றியே!"

"எதைத் திம்பேன்னு தெரியலை. மூட்டை தூக்கினது பாவம்தான். என் மேலதான் தப்பு, அன்னிக்கே சொல்லியிருக்கணும். வண்டியைத் திருப்புண்ணா. சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு, என் வீட்டுக்கே போகணும்."

அண்ணன் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். சந்தோ முழங்கையளவு. பெரிய வேனை அதில் திருப்புவது லேசுப்பட்ட காரியமா? முன்னால் போனால் மின்கம்பம், பின்னால் வந்தால் ஸ்டுடியோ மதில். கடைசியில் வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டது. சரிக்கா பின்னால் ஓடினாள். "வா வா வா... இன்னும் வா... இடது பக்கம் ஒடி... அண்ணா நிறுத்து!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடியில் ஒருத்தர் எழுந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவு பெரிய குரல் தன் தொண்டையில் இருந்தது அவளுக்கே செய்தி.

உள்ளே இருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. மேடத்தின் கார், வெளியே வர முடியாமல் நின்றது. சரிக்கா மன்னிப்புக் கேட்க ஓடினாள். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, மேடம் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். தோளெல்லாம் குலுங்குகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே தெரியாது என்று நினைத்திருக்கிறார் போல. அவளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய முகத்தை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார்.

"ஈ ஓட்டுதாம்," என்றார். அதற்கு மேல் முகம் நிற்கவில்லை, உதடு கோணிற்று. "அந்தக் காது ஆடறதை வீணாக்க வேணாம். திங்கக்கிழமை வந்துடுங்க. புகார் வந்தா நான் பாத்துக்கறேன். படத்துல அது இல்லவே இல்லை, இருந்தாக் காட்டுங்கன்னு கேப்பேன்."

வேன் எப்படியோ ஒரு வழியாக மதிலை விட்டுத் திரும்பியது. கார் போய்விட்டது. சரிக்கா வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

"அடிப்பாவி, வேலை இருக்குன்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேனா? அந்த தைரியத்துலதான் வரலைன்னு சொன்னியா?"

"அப்ப வேலை இல்லைண்ணா," என்றாள் அவள்.

வண்டி உறுமிக்கொண்டே நின்றது. கியர் போட அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.